கைப்பிடி அரிசிக்கு என்ன கணக்கு?

கேள்வி: எங்கள் அப்பா எஸ்டேட் சம்பளத்தில் பாதியைக் குடித்தே தீர்த்தவர். அம்மாதான் கொழுந்து பறித்து எங்களை ஆளாக்கினார். உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைப்பார். அப்பா கடைசி மாதத்தில் மனந்திரும்பி, திருவிருந்து எடுத்துக் காலமானார். 'கிருபையால் இரட்சிக்கப்பட்டார்' என்று அடக்க ஆராதனையில் போதகர் சொன்னார். அன்றிலிருந்து அம்மா, "அப்போ நான் எடுத்து வச்ச அரிசிக்கு என்ன கணக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி, தேவிகுளம்

பதில்: மகளே, அம்மா கேட்பதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இதே ஆதங்கம் வேதத்திலேயே இருக்கிறது. மத்தேயு 20-இல் விடியற்காலையில் திராட்சத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கும் ஒரு பணம், பொழுது சாயும்போது வந்தவர்களுக்கும் அதே ஒரு பணம். வெயிலில் காய்ந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். யார்தான் முறுமுறுக்க மாட்டார்கள்?

உங்கள் மலையில் நான் ஊழியம் செய்திருக்கிறேன். சாயங்காலம் சாக்கைத் தலையிலிருந்து இறக்கி, தராசில் மாட்டி, முள் நிற்கும் வரை பெண்கள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். மழை நாளென்றால் ஈரத்துக்கென்று சில கிலோ கழியும். ஆயுசு முழுவதும் இப்படி நிறுக்கப்பட்ட ஒருவர், கடவுளும் தராசோடு நிற்பார் என்று எதிர்பார்ப்பதில் என்ன ஆச்சரியம்?

ஆனால் பவுல் எபேசியர் 2-இல் பளிச்சென்று சொல்லிவிடுகிறார்: இரட்சிப்பு தேவனுடைய ஈவு, கிரியைகளால் வந்ததல்ல, ஒருவரும் பெருமைபாராட்டக் கூடாது. இதன் பேரில்தான் 16ஆம் நூற்றாண்டில் திருச்சபை இரண்டுபட்டது. அப்போது பிரிந்துபோன லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டு, நம்முடைய தகுதியைப் பார்த்து அல்ல, கிருபையாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று சேர்ந்தே சொன்னார்கள்.

சரி, அப்படியானால் அரிசி வீணா? அதே அதிகாரத்தில் அடுத்த வசனத்தையும் படியுங்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. கிருபை முதலில் வருகிறது, கைப்பிடி அரிசி அதன் பின்னால் வருகிறது. அம்மா பரலோகத்துக்கு விலை கட்டிக்கொண்டிருக்கவில்லை. குடிகாரப் புருஷனோடு, பற்றாக்குறைச் சம்பளத்தில், இன்னொருவர் பசிக்கும் ஒரு பிடி ஒதுக்கும் மனசு எங்கிருந்து வந்தது? அந்த வருஷங்களில் கிருபை அம்மாவைத் தாங்கியிருக்கிறது. அப்பாவுக்கு அது கடைசி மாதத்தில்தான் கிடைத்தது. இதில் இழந்தவர் அப்பாதான் என்பேன்.

லூக்கா 15-இல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்கு விருந்து வைத்ததால் மூத்த மகன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும்போது தகப்பன் அவனைத் திட்டவில்லை. வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். 'மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது' என்கிறார். அம்மாவுக்கு நான் கொடுக்கக்கூடிய வசனம் இதுதான். அவர் தனியாக இருக்கும்போது மெதுவாக வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். திராட்சத் தோட்ட உவமையை எடுத்துக்கொண்டு, 'கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு பேசாமல் போ' என்று யாரும் தோட்டத் தொழிலாளியிடம் சொல்லக் கூடாது. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்த பெண்கள் கேட்டது நியாயம். பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-இல் எழுதியிருக்கிறது. உவமை பேசுவது தேவன் இலவசமாகத் தருவதைப் பற்றி. உழைத்தவருக்குச் சேர வேண்டியது வேறு விஷயம்.

அதே நியாயம் உங்கள் வீட்டுக்கும் உண்டு. தேவன் அப்பாவை மன்னித்தார் என்பதால், அம்மா பட்டது பட்டதில்லை என்று ஆகிவிடாது. வேதத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு மனந்திரும்பியபோது, ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அப்பாவுக்கு அதற்கு நாள் இல்லாமல் போயிற்று. அவர் அம்மாவிடம் வாய் திறந்து மன்னிப்புக் கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்கவில்லையென்றால் அம்மாவின் நெஞ்சில் முள்ளாக இருப்பது அதுவாகத்தான் இருக்கும். உங்கள் போதகரை ஒரு நாள் வீட்டுக்கு அழையுங்கள், பிரசங்கம் வேண்டாம், அம்மா பேசுவதைக் கேட்டால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஆமாம் அம்மா, நாங்களும் பார்த்தோம்' என்று சொல்லுங்கள்.