துண்டுத்துணிப் போர்வை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஒன்றுக்கொன்று அகலம் ஒத்துவராத துணிப்பட்டைகளை ஒரு அடித்துணி மேலோ தாள் மேலோ வரிசையாகத் தைத்து, சதுரமாக வெட்டி, அந்தச் சதுரங்களைச் சேர்த்துப் போர்வையாக்குவதுதான் ஸ்ட்ரிங் குவில்ட். வந்த கேள்விகள் பலவும் சுற்றிச் சுற்றி அடித்துணியில்தான் வந்து நிற்கின்றன, அதனால் அதற்கு மட்டும் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

தெரிந்த டெய்லர் அக்கா ஒரு மூட்டை வெட்டுத்துணி கொடுத்தாங்க. எல்லாத்தையும் போடலாமா? (திருப்பரங்குன்றம்)

எல்லாம் வேண்டாம். பிளவுஸ் தைத்து மிஞ்சிய ரூபியா, பாப்லின், காட்டன் சுடிதார் பிட்டு, சட்டைத் துணி இவையெல்லாம் முதல் தரம். நெட், ஜார்ஜெட், இழுத்தால் நீளும் துணி, ஜரிகை கனமாக ஓடும் துணி, இவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் உதிரும், பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு பட்டைக்கும் நாம் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்கப்போகிறோம், உருகுகிற துணி நடுவில் ஒன்று இருந்தாலும் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த துணியையும் பாழாக்கும்.

அகலம் 1 இன்ச்சுக்குக் குறைய வேண்டாம். இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் கால் இன்ச் போனால் அதில் வெளியே தெரிவது அரை இன்ச்தான். 2½ இன்ச்சுக்கு மேல் போனாலும் பட்டை வேலை என்ற அழகே போய்விடும். ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் இருக்கிற பிட்டை நேராக்க மெனக்கெடாதீர்கள், அந்தக் கோணல்தான் இந்தப் போர்வைக்கு உயிர்.

அடியில் தாள் வைக்கணுமா, துணி வைக்கணுமா? ஆளுக்கு ஒன்று சொல்றாங்க. (மேலூர்)

இரண்டும் சரிதான். அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் கையில் கிடைத்த செய்தித்தாளையும் பழைய கேட்லாக் பக்கங்களையும் வைத்துத்தான் பலர் தைத்தார்கள். பாதியில் நின்றுபோன சில பழைய வேலைகளின் பின்னால் அந்தத் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் உள்ள தேதியைப் பார்த்து இது எந்தக் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது என்று சொல்லிவிடலாம்.

தாளில் தைப்பதாக இருந்தால் தையலைச் சின்னதாக, சுமார் 1½ மில்லிமீட்டருக்கு வையுங்கள், அப்போதுதான் கடைசியில் தாளைக் கிழிக்கும்போது தையல் பிரியாமல் தாள் மட்டும் வரிசையாகக் கிழிந்து வரும். செய்தித்தாளின் மை வெளிர் துணியில் ஏறும், அதனால் மெல்லிய வெள்ளைத்தாள் நல்லது. தாள் ஊசியைச் சீக்கிரம் மழுக்கிவிடும், அந்த ஊசியிலேயே பிறகு பிளவுஸ் தைக்க உட்காராதீர்கள். ரொம்ப முக்கியமான ஒன்று, சதுரங்களை ஒன்றோடொன்று சேர்த்து முடிக்கும்வரை தாளை எடுக்கக் கூடாது. பட்டைகள் சதுரத்தில் குறுக்காக ஓடுவதால் நான்கு ஓரமும் கிராஸ் துணியாகத்தான், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டியதாகத்தான் இருக்கும், தாளை முன்னாலேயே உருவிவிட்டால் ஓரம் இழுத்த பக்கமெல்லாம் நீளும்.

ஆனால் மதுரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு என்னைக் கேட்டால் துணிதான், அதிலும் பழைய வெள்ளை வேஷ்டி. பலமுறை துவைத்து இனிச் சுருங்க ஒன்றுமில்லாத துணி அது, ஊசி வெண்ணெயில் போகிற மாதிரி போகும். நாலு முழ வேஷ்டி ஒன்றில் கரையையும் நைந்த இடத்தையும் விட்டுவிட்டு 9 இன்ச் சதுரம் 30-க்குக் குறையாமல் எடுக்கலாம். அடித்துணி உள்ளேயே தங்கிவிடுவதால் மேல்துணி, தையலுக்கு விட்ட மடிப்பு, வேஷ்டி, பின்துணி என்று ஏற்கெனவே மூன்று நாலு அடுக்கு வந்துவிடும், அதற்கு மேல் நடுவில் பஞ்சுத்தாள், அதாவது ஷீட்டாக விற்கிற பஞ்சு எதற்கு? சித்திரை வெயிலில் அதைப் போர்த்திக்கொள்ள யாராலும் முடியாது. அமெரிக்கக் குளிருக்குச் சொன்ன கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு கனத்த ஷீட் வாங்கிப் போட்டுவிட்டு, போர்வை பீரோவிலேயே கிடக்கிறது என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். பஞ்சு இல்லாத போர்வை ஆண்டு முழுக்கக் கட்டிலில் கிடக்கும், வீட்டு மிஷினிலேயே துவைக்கலாம், கொடியில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். கொடைக்கானலில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும் நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து வையுங்கள்.

கட்டம் கோணிக்கொண்டே போகுது, நேராக்கவே முடியலை. என்ன தப்பு? (உசிலம்பட்டி)

செய்கிற முறையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், எங்கே விலகுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 9 இன்ச் அடித்துணியில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு முதல் பட்டையை நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். அதன் மேல் இரண்டாவது பட்டையை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்துக் கால் இன்ச்சில் தையுங்கள். அப்புறம் திருப்பி விரித்து, தேய்த்து, அடுத்தது. ஒரு பக்க மூலை நிரம்பியதும் மறுபக்கம். எல்லாப் பட்டையும் அடித்துணியின் ஓரத்தைத் தாண்டி அரை இன்ச்சாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கோணுவதற்கு முக்கியக் காரணம் விரலால் நீவிவிட்டு அடுத்த பட்டைக்குப் போய்விடுவது. தேய்க்காத மடிப்பு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஆறாவது ஏழாவது பட்டை வரும்போது அடித்துணியையே சுருட்டிவிடும். இரண்டாவது, பெட்டியை இழுத்துத் தேய்ப்பது. வைத்து அழுத்தி எடுங்கள், இழுக்காதீர்கள். மூன்றாவது, பிளவுஸ் கை வெட்டும்போது விழுந்த கிராஸ் பீஸ்களை இழுத்துப் பிடித்துத் தைப்பது.

மூலைக்கு வருகிற கடைசிப் பட்டை 2 இன்ச்சாவது இருக்கட்டும், இல்லையென்றால் நாலு சதுரம் சேருகிற இடத்தில் தையல் மேல் தையலாகக் குவிந்து ஊசி உடையும். எல்லாம் முடிந்தபிறகு கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தெரிகிற அடித்துணியைப் பார்த்து 8½ இன்ச்சுக்கு நறுக்குங்கள். சேர்த்துத் தைத்தபின் 8 இன்ச் நிற்கும். அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10 சதுரம் வைத்தால் 64-க்கு 80 இன்ச், ஒற்றைக் கட்டிலுக்குத் தாராளம்.

சுங்குடிச் சேலை கிழிந்ததை வெட்டிப் போட்டால் சாயம் இறங்குமா? (மதுரை, கீழவாசல்)

புதிது என்றால் அடர் சிவப்பு, கருநீலம், கரும்பச்சை மூன்றையும் நம்பாதீர்கள். பட்டையாக வெட்டும் முன்பே தனித்தனியாக நனைத்து அலசுங்கள், தண்ணீர் தெளியும்வரை. அதன்பின் ஈரத்தோடே ஒரு வெள்ளைத் துணியை மேலே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயம் போட்டு முடிந்த துணியில் அதை நம்ப முடியாது.

பல வருடம் கட்டித் துவைத்த சேலையில் இந்தப் பயம் இல்லை. கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி கிடைத்தால் அந்தப் புள்ளிகள் ஒரு பட்டையில் முழுதாகத் தெரியும்படி 2 இன்ச் அகலத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். அவ்வளவு கைவேலையை அரை இன்ச் கீற்றாக்குவது எனக்குப் பொறுக்காது.

எவ்வளவு அடுக்கிப் பார்த்தாலும் ஒரே கசகசப்பாக இருக்கே? (திருமங்கலம்)

எல்லாச் சதுரத்திலும் நடுவில் ஓடுகிற முதல் பட்டையை ஒரே நிறத்தில் போடுங்கள், வெள்ளையோ அரக்கோ. நாலு சதுரத்தை நடுப்பட்டைகள் ஒன்றையொன்று தொடும்படி திருப்பி வைத்தால் வைரம் மாதிரி ஒரு கட்டம் தானாக விழும், சுற்றி எத்தனை நிறம் இருந்தாலும் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். மொட்டை மாடியில் காலையில் விரித்து அடுக்கி, போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அடர்த்தி ஒரே மூலையில் குவிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

உள்ளே இலவம்பஞ்சு வைக்கலாமா? (போடி)

தலையணைக்கு வையுங்கள். இலவம் இழை குட்டையானது, வழுக்கும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. இரண்டு முறை துவைத்தால் ஒரு மூலையில் உருண்டு நிற்கும்.

கால் மிஷினில் மேல்தையல் போட்டால் துணி நகர்ந்து சுருக்கம் விழுது. (சோழவந்தான்)

எல்லா அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கிற இந்த மேல்தையலில், மிஷினை விட முன்வேலைதான் பெரும்பாலும் காரணம். பின்துணியைத் தரையில் இழுத்து விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மேல்பாகத்தை அதன் மேல் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு என்று நெருக்கமாகக் குத்துங்கள். அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, 16-ஆம் எண் ஊசி போட்டு, தையலை 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டி, எப்போதும் நடுவில் தொடங்குங்கள். நடுப்பட்டையின் இரண்டு ஓரத்தையும் ஒட்டி நேராக ஓட்டினால் போதும், பூ வேலையெல்லாம் இத்தனை பட்டைக்குள் கண்ணுக்கே தெரியாது.

கையால் செய்கிறவர்கள் நெருக்கமான ஓட்டுத்தையலுக்குப் போக வேண்டாம், இத்தனை மடிப்பைத் தாண்டி விரல் வலிக்கும். தடித்த எம்பிராய்டரி நூலில் கால் இன்ச் நீளத்துக்கு ஓட்டுங்கள், இல்லையென்றால் 4 இன்ச்சுக்கு ஒரு முடிச்சு இரட்டையாகப் போட்டு அரை இன்ச் விட்டு நறுக்குங்கள். முடிச்சுப் போட்ட போர்வை தளர்வாக விழும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஓரத்துக்குக் கிராஸ் பைப்பிங் வேணுமா? (அலங்காநல்லூர்)

மூலையை வளைத்தால் மட்டும் வேண்டும். நேர் மூலை என்றால் நேராகவே 2½ இன்ச்சில் வெட்டி இரண்டாக மடித்துத் தையுங்கள். பழைய பருத்திச் சேலையின் கரை கிழியாமல் இருந்தால் அதையே போடலாம், போர்வையில் முதலில் தேய்வது ஓரம்தான், கரைத்துணி நெருக்கமாக நெய்தது, தாங்கும்.