நிதானமாக வேகட்டும்: ஸ்லோ குக்கர் குறித்து வாசகர்கள் கேட்டவை

இம்மாதம் வந்த கடிதங்களில் பல ஸ்லோ குக்கரைப் பற்றியவை. வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிப் பரணில் ஏற்றிவிட்டவர்களும், அன்றாடம் அதில் சமைப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளைச் சேர்த்து விடை தந்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது; அரைமணி நேரத்தில் பருப்பும் சாதமும் தயாராகிவிடுகின்றன. எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் கருவியை எதற்காக வாங்க வேண்டும்? மின்கட்டணம் ஏறிவிடாதா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பருப்பும் சாதமும் மட்டுமே உங்கள் தேவை என்றால் வாங்க வேண்டியதில்லை, உள்ள குக்கரே போதும். ஸ்லோ குக்கர் தரும் வசதி வேறு வகையானது. பிரஷர் குக்கருக்குள் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை உயர்வதால் சமையல் விரைவாக முடிகிறது. ஆனால் விசிலை எண்ணிக்கொண்டு ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். ஸ்லோ குக்கரிலோ, கனமான பீங்கான் பாத்திரத்தைச் சுற்றியுள்ள மின்கம்பி மெல்லச் சூடேறி, உணவைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்திவைக்கிறது. அடி பிடிப்பதோ பொங்கி வழிவதோ அரிது. விறகடுப்பு எரிந்த வீடுகளில், பெரிய அடுப்பின் அனல் வந்து சேரும் கொடியடுப்பில் சட்டியை ஏற்றிவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போவார்களே, அந்த முறையை ஒத்தது இது.

இக்கருவியின் வரலாறும் அப்படிப்பட்ட ஓர் அடுப்பிலிருந்தே தொடங்குகிறது. லித்துவேனியாவின் வில்னியஸ் நகரத்து யூதர்கள், ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், அவரையும் இறைச்சியும் சேர்ந்த பானையை வெள்ளிக்கிழமை மாலையே ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். தணியும் சூட்டில் அது இரவெல்லாம் வேகும். தம் தாயார் சொல்லக் கேட்ட இந்த வழக்கத்தை மனத்தில் வைத்து, சிக்காகோவில் இர்விங் நாக்சன் என்பவர் மின்சாரத்தில் இயங்கும் பானையை உருவாக்கி, 1940ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1970இல் அவருடைய நிறுவனத்தை ரைவல் நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டே ‘கிராக்பாட்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மின்கட்டணம் குறித்துக் கவலை வேண்டாம். மூன்றரை லிட்டர் கருவி பொதுவாக 200 வாட் அளவில் இயங்குகிறது. எட்டு மணி நேரம் ஓடினாலும் ஏறத்தாழ 1.6 யூனிட்டுக்கு மேல் ஆகாது.

கேள்வி: சாம்பாருக்குரிய பருப்பு, காய், புளித்தண்ணீர், உப்பு அனைத்தையும் காலையில் ஒன்றாகப் போட்டுவிட்டு அலுவலகம் செல்கிறேன். மாலையில் வந்து பார்த்தால் பருப்பு நறுக்கரிசிபோல் நிற்கிறது. என்ன செய்வது? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: பருப்பைத் தடுப்பது புளி. புளிப்பு சேர்ந்த நீரில் பருப்பும் காயும் எளிதில் குழையாது. அடுப்பில் சமைக்கும்போதும் பருப்பை வேகவைத்த பிறகுதானே புளி ஊற்றுகிறோம்? உங்கள் வீட்டுத் தண்ணீர் உப்புத்தன்மை மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீராக இருந்தால் பருப்பு வேகாமைக்கு அதுவும் ஒரு காரணமாகும்; பருப்புக்கு மட்டும் வடிகட்டிய நீரைப் பயன்படுத்திப் பாருங்கள்.

ஒரு டம்ளர் துவரம் பருப்பைக் காலையில் எழுந்ததும் வெந்நீரில் ஊறவையுங்கள். கிளம்பும் முன் அதை வடித்துப் பாத்திரத்தில் இட்டு, மூன்றரை டம்ளர் கொதிநீர், மஞ்சள்தூள், பெருங்காயம், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்து, கேரட், முள்ளங்கி போன்ற கெட்டியான காய்களை அடியில் படும்படி போட்டு, குறைந்த சூட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். இக்கருவியில் கிழங்கு வகைகள் இறைச்சியைவிடவும் தாமதமாக வேகும் என்பதால், அவை சூடு மிகுந்த அடிப்புறத்திலும் ஓரங்களிலும் இருப்பது நல்லது. மாலையில் திரும்பியதும் புளிக்கரைசலில் சாம்பார் பொடியும் உப்பும் சேர்த்துத் தனிப் பாத்திரத்தில் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட்டு, வெந்த பருப்பில் ஊற்றுங்கள். வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் அந்தப் புளிக்கரைசலிலேயே வேகவைக்கலாம். கடுகு, கறிவேப்பிலை, வற்றல் மிளகாய் தாளித்துக் கொட்டினால் சாம்பார் தயார். தாளிப்பை இந்தக் கருவியே செய்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்; கடுகு வெடிக்கும் சூடு அதில் வராது. எந்தக் குழம்பானாலும் வெங்காயத்தை வாணலியில் வதக்கிச் சேர்ப்பதற்குச் சில நிமிடங்களைச் செலவிடுவது வீண்போகாது.

கேள்வி: குளிர்காலத்தில் ராஜ்மா, கொண்டைக்கடலை ஆகியவற்றை ஊறவைத்து நேரடியாக ஸ்லோ குக்கரில் போடலாமா? (ஒரு வாசகி, டொராண்டோ)

பதில்: கொண்டைக்கடலையை ஊறவைத்துப் போடலாம். ராஜ்மாவை ஒருபோதும் அப்படிப் போடாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் மிகுதியாக உண்டு. சரியாக வேகாத நான்கைந்து விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதுமானவை. நன்கு கொதித்தால் அழிந்துவிடும் இந்த நஞ்சு, 80 பாகை அளவிலேயே சூடு நின்றுவிட்டால் அழிவதில்லை. பச்சை விதையில் உள்ளதைவிடவும் வீரியம் மிகுந்துவிடுகிறது. விதை மென்மையாகிவிட்டது என்பது பாதுகாப்பானது என்பதற்கு அடையாளம் ஆகாது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுநீரில் அடுப்பில் வைத்து 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பின்னரே ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது. அதை நேரடியாகச் சேர்க்கலாம்.

கேள்வி: ஆட்டுக்கறிக் குழம்பு தண்ணீராகிவிடுகிறது. எந்தக் கறி இதற்கு ஏற்றது? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: மூடியில் படியும் நீராவி மீண்டும் பாத்திரத்திலேயே சொட்டுவதால் நீர் வற்றுவதில்லை. வழக்கமாக ஊற்றுவதில் பாதியளவு நீர் ஊற்றினால் போதும். இறக்குவதற்கு அரைமணி நேரம் முன்பு அதிகச் சூட்டுக்கு மாற்றி, மூடியைத் திறந்து வைத்து, தேங்காயும் கசகசாவும் அரைத்த விழுதைச் சேருங்கள். முன்னதாகச் சேர்த்தால் தேங்காய் திரிந்துபோகலாம். மற்ற நேரத்தில் மூடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. ஒருமுறை திறந்தால் இழந்த சூட்டை மீட்கக் கால்மணி நேரத்துக்கும் மேலாகும்.

கறியைப் பொறுத்தவரை, பிறர் ஒதுக்கும் பகுதிகள்தான் இதில் மிக நன்றாக வரும். முன்னங்கால், கழுத்து, எலும்போடு கூடிய சந்துக்கறி ஆகியவற்றில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் மிகுதி. நீண்ட நேர மிதமான சூட்டில் அது ஜெலட்டினாக உருகி, குழம்புக்கு வழவழப்பைத் தருகிறது. ஆட்டுக்கால் பாயா செய்து பாருங்கள். இந்தக் கருவி எனக்குப் பிடித்துப்போனதற்கு முதற்காரணம் அதுவே. சுத்தம் செய்த கால்களைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பட்டை, கிராம்பு, சோம்பு, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றை வதக்கி, கால்களோடு சேர்த்து, மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி, குறைந்த சூட்டில் இரவு முழுவதும் வைத்தால், காலையில் தேங்காய்ப்பாலும் மிளகுத்தூளும் சேர்த்து இடியாப்பத்துடன் பரிமாறலாம். கோழி நெஞ்சுக்கறியை இதில் போட வேண்டாம், சக்கையாகிவிடும். உறைந்த இறைச்சியையும் அப்படியே போடக் கூடாது. அதன் நடுப்பகுதி கிருமிகள் பெருகும் சூட்டிலேயே நெடுநேரம் தங்கிவிடும்.

கேள்வி: ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்ச இது உதவுமா? (ஒரு வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: மிக நன்றாக உதவும். கிண்டிக்கொண்டே இருக்க வேண்டிய கஞ்சியை, நோன்பிருப்பவர் அடுப்பருகே நிற்காமலேயே இதில் செய்துவிடலாம். ஒரு டம்ளர் பச்சரிசி நொய்க்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், ஒரு கைப்பிடி பூண்டு, வதக்கிய வெங்காயம், தக்காளி, எட்டு டம்ளர் வெந்நீர் என்று நண்பகலில் வைத்தால் நோன்பு திறக்கும் வேளைக்குக் குழைந்திருக்கும். கொத்துக்கறி சேர்ப்பதாயின் வதக்கிச் சேருங்கள். தேங்காய்ப்பால், புதினா, கொத்தமல்லி ஆகியவை இறுதியில்தான். உதிரியான சாதத்துக்கோ பிரியாணிக்கோ இந்தக் கருவி ஏற்றதன்று.

கேள்வி: நாங்கள் வெளியில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டால்? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: வீட்டில் இருந்தால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றி அடுப்பில் கொதிக்கவைத்து முடித்துவிடுங்கள். வெளியில் இருந்து, எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லை என்பது தெரியாவிட்டால், உணவு வெந்ததுபோல் தோன்றினாலும் கொட்டிவிட வேண்டும். 60 பாகைக்குக் கீழே இறங்கிய உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மின்வெட்டு முன்கூட்டியே அறிவிக்கப்படும் நாள்களில் இதில் சமைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க விரும்பினால் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். பீங்கான் பாத்திரத்தோடு வைத்தால் உள்சூடு எளிதில் தணியாது. மறுநாள் அதை அடுப்பில்தான் கொதிக்கவைக்க வேண்டும். ஸ்லோ குக்கர் அதைச் சூடாக்க மிகுந்த நேரம் எடுத்துக்கொள்ளும்.