ஸ்லீப் ஸ்டடிக்குப் போகிறவர் தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: என் கணவருக்கு 52 வயது, டாக்சி ஓட்டுகிறார். குறட்டை பலமாக இருக்கும், நடுவில் மூச்சே நின்றுவிடுவதுபோல் இருக்கும். பலதுறை மருந்தகத்திலிருந்து அனுப்பி, அடுத்த வாரம் மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி ஸ்லீப் ஸ்டடி (உடம்பில் ஒயர்களை ஒட்டி, தூங்கும்போது மூச்சையும் மூளை அலைகளையும் பதியும் சோதனை) செய்யப் போகிறார். ஒயர்களோடு தூக்கமே வராது என்கிறார். என்ன தயார் செய்ய வேண்டும்? பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தவே வேண்டாம். டாக்டர் சொன்னால் தவிர எல்லா மாத்திரையும் வழக்கம்போலத்தான், பட்டியலை மட்டும் கையில் கொடுத்தனுப்புங்கள். தூக்க மாத்திரை ஏதாவது போடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எண்ணெய்தான் நம் வீடுகளில் பெரிய பிரச்சினை. மூளையின் மின்னலைகளைப் பதிய, தலையில் முடியை விலக்கி, தோலைத் தேய்த்துத் துடைத்து, பசை தடவிச் சின்னச் சின்ன சென்சார்களை ஒட்டுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது பிடிக்காது, நடு ராத்திரியில் கழன்று பதிவு கெட்டுப்போகும். அதனால் அன்று ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, எண்ணெய், ஜெல், கிரீம் எதுவும் இல்லாமல் போகட்டும். தாடையிலும் ஒட்டுவார்கள் என்பதால் ஷேவ் செய்வது நல்லது (தாடி வைத்திருந்தால் எடுக்கத்தான் வேண்டுமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்). மதியத்துக்குமேல் கோப்பி, தே வேண்டாம், பகல் தூக்கமும் பீரும் வேண்டாம். சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ள இரவு உடை, பழகிய தலையணை, அவ்வளவுதான்.

தூக்கம் வராதே என்ற பயம் எல்லாருக்கும் வருவதுதான். வீட்டில் தூங்குவதுபோல் தூங்கத் தேவையில்லை, சில மணி நேரம் தூங்கினாலே பெரும்பாலும் போதுமான தகவல் கிடைத்துவிடும். 10 வினாடிக்கு மேல் மூச்சு நிற்பதும், மூச்சு குறைந்து ஆக்சிஜன் இறங்குவதும் மணிக்கு எத்தனை தடவை என்று எண்ணுவார்கள். 5-க்குக் கீழே இயல்பு, 30-ஐத் தொட்டால் கடுமை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கூப்பிட்டால் போதும், ஒயர்கள் செருகியிருக்கும் சின்னப் பெட்டியை இயந்திரத்திலிருந்து கழற்றிவிடுவார்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம்.

இரவு ஷிப்டில் ஓட்டுகிறார் என்றால் கிளினிக்குக்கு இப்போதே போன் செய்யுங்கள், அவர் வழக்கமாகத் தூங்கும் நேரம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை: சிக்னலில் நிற்கும்போது கண் சொக்குகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.