ரேஷன் அரிசி இருக்கிறது, சத்துக்கு என்ன வழி? கேள்வி-பதில்

வீட்டில் நாலு பேர். ரேஷனில் வாங்கும் ஒரு கிலோ துவரம் பருப்பில்தான் மாதம் முழுக்க சாம்பார். போதுமா?

போதாது. நாலு பேருக்கு, முப்பது நாளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 8 கிராம் பருப்பு; புரதம் 2 கிராம்கூடத் தேறாது. 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 45 கிராம் புரதம் வேண்டும். 300 கிராம் அரிசி சாப்பிட்டால் அதில் பாதி வந்துவிடும். மிச்சத்துக்குத்தான் காசை யோசித்துச் செலவழிக்க வேண்டும்.

கடையில் கேட்கும் கிலோ விலையை அந்தக் கிலோவில் உள்ள புரதத்தால் வகுத்துப் பாருங்கள். கொள்ளு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலையில் ஏறக்குறைய 220 கிராம், வேர்க்கடலையில் 250, மீல் மேக்கரில் 500. வேர்க்கடலை கிலோ 150 ரூபாய் என்றால் ஒரு கிராம் புரதம் 60 காசு. முட்டை ஒன்றில் 6 கிராம். 6 ரூபாய்க்கு வாங்கினால் கிராமுக்கு ஒரு ரூபாய். கணக்கில் முட்டை தோற்றாலும் அதை விட்டுவிடாதீர்கள்: பயறு வகைகளில் இல்லாத வைட்டமின் பி12 அதில் இருக்கிறது.

மீல் மேக்கர் நாற்றமடிக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் பிழிவதில்லை. உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஒட்டப் பிழிந்த பிறகே மசாலாவில் போட வேண்டும். நாலு பேருக்கு 100 கிராம் தாராளம். கொள்ளை இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். வெந்த தண்ணீரில் மட்டும் ரசம் வைத்தால் வாசம்தான் மிஞ்சும். கொள்ளில் பாதியையாவது மசித்துக் கரைக்க வேண்டும்.

ரேஷன் அரிசியில் சில மணிகள் வேறு நிறமாக இருக்கின்றன, தண்ணீரில் மிதக்கின்றன. பிளாஸ்டிக்கா?

இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவில் பிழிந்த மணிகள் அவை. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வீதம் கலந்தவை. பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறீர்கள். ஓரிரு முறை மட்டும் கழுவி, வடிக்காமல் அளந்த தண்ணீரில் பொங்குங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பிள்ளைக்கு விளம்பரத்தில் வரும் சத்து பானம் வாங்கலாமா?

டப்பாவின் பின்புறம் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும்படிதான் பொருள்களை அச்சிடுவார்கள். முதல் மூன்றில் சர்க்கரை இருந்தால் டப்பாவைத் திரும்ப வைத்துவிடலாம்.

வீட்டு மாவுக்கு ராகி அரை கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ, பச்சைப்பயறு 100 கிராம், ஏலக்காய் நாலு. ராகியையும் பயறையும் தனித்தனியே வாசம் வரும்வரை வறுத்து, நன்றாக ஆறியபின் அரையுங்கள்; சூட்டோடு அரைத்தால் மாவு வியர்த்துக் கட்டிபிடிக்கும். வேர்க்கடலையைச் சேர்த்து அரைக்க வேண்டாம், எண்ணெய் கசிந்து சீக்கிரம் காறிப்போகும். இரண்டு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றி, ஏழெட்டு நிமிடம் கிளறுங்கள். வெந்நீரில் கலக்கிக் குடித்தால் மாவு வேகாது, வயிறு உப்பும்.

சென்னையில் தனியாக இருக்கிறேன். அறையில் கெட்டில் மட்டும்தான்.

அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. வயிறு நிறையும், ஆனால் புரதமும் பழமும் குறையும். கெட்டிலில் முட்டை மூழ்கத் தண்ணீர் விட்டுக் கொதித்து அணைந்ததும், மூடியைத் திறக்காமல் 12 நிமிடம் விடுங்கள், வெந்திருக்கும். பயறை அதில் வேகவைக்காதீர்கள், அடிப்பிடித்துத் தகடு போய்விடும். பயறை முளைகட்டிக் கொள்ளலாம்: எட்டு மணி நேரம் ஊறவைத்துச் சொட்டத் தண்ணீரில்லாமல் வடித்து ஈரத்துணியில் கட்டுங்கள். கொழகொழத்தால் தண்ணீர் நின்றுவிட்டது என்று அர்த்தம். முளைவிட்டதும் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்துத் தின்னுங்கள். பழத்துக்குக் கொய்யா போதும், ஆப்பிள் தேவையே இல்லை.

தினமும் கீரை சாப்பிட்டும் ரத்தசோகை போகவில்லை.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறீர்களா? டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கீரையை இறக்கியபின் அரை எலுமிச்சை பிழியுங்கள். ரத்தசோகை என்று தெரிந்த பிறகு கீரை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கும்.