தொழிலாளர்கள் திரும்பினால் கட்சி சாயுமா? எங்கள் ஊர்க் கதை

தொழிலாளர் வாக்குதான் ஒரு கட்சியைத் தூக்கும், கவிழ்க்கும் என்பது உண்மையா, வெறும் மேடைப் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். என் அனுபவத்தில் உண்மைதான். ஆனால் அவர்கள் திரும்ப முப்பது வருடம்கூட ஆகும். திரும்பிய பிறகும் யாருக்கும் சொந்தமாகிவிட மாட்டார்கள்.

அப்பா பால் வெட்டியவர். தேர்தல் நாளில் அன்று ஆண்ட தேசிய முன்னணிக் கூட்டணியின் தராசுச் சின்னத்துக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வருவார். அதற்குமேல் அவருக்கு யோசனை கிடையாது. பழைய நன்றி ஒரு காரணம். அந்தக் கூட்டணியில் உள்ள மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊரில் பிறந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்கியவர். அந்த நன்றி அவருக்குப் பிறகு, பின்னாளில் ம.இ.கா. தலைவரான சாமிவேலுவுக்கும் வந்து சேர்ந்தது. 1974 முதல் 2008 வரை அவர்தான் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்.

நன்றி மட்டுமே என்று சொன்னால் அது பொய். கோவில் தலைவரும் கட்சிக் கிளைத் தலைவரும் பல தோட்டங்களில் ஒரே ஆள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என எதற்கும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, எங்கள் நாட்டில் வாக்குகளை ‘சாலுரான்’ வாரியாக எண்ணுவார்கள். அதாவது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் போட்ட ஓட்டை அங்கேயே, வாக்களிப்பு அறை அறையாக, கட்சி முகவர்கள் பார்த்திருக்க எண்ணுவார்கள். தனி ஆளின் ஓட்டு இரகசியம்தான். ஆனால் நூற்றுச் சொச்சம் குடும்பமே உள்ள தோட்டத்தில் எத்தனை ஓட்டு மாறியது என்பது அன்று ராத்திரியே தெரிந்துவிடும். “பெட்டியைத் திறந்தால் நம்ம தோட்டம் தெரிந்துவிடும்டா” என்பார் அப்பா. அவர் பயந்தது தனக்காக அல்ல, ஆலயத் திருவிழா மானியத்துக்காக.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, வந்தது. எங்கள் தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் கடிதம் கொடுத்தது. முப்பது ஆண்டு வேலை செய்தவருக்குக் கிடைத்த தொகையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம். நாங்கள் ஊருக்குள் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாடகைக்கு வந்தோம். நான் ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். கட்சிகள் கவனிக்கத் தவறியது இந்த இடத்தைத்தான். லயம் கலைந்தால் கிளையும் கலைகிறது. கோவில் தலைவர் வேறு ஊரில், கங்காணி வேறு ஊரில், ஓட்டு மட்டும் இதே தொகுதியில். அந்த ஓட்டைப் போய்க் கேட்கக் கட்சிக்குக் கதவு தெரியவில்லை.

அந்தக் கதவுகளைத் தேடிப் போனவர்கள் வேறு. டாக்டர் ஜெயகுமார் தேவராஜும் ‘அலைகள்’ அமைப்பினரும் மாதச் சம்பளம், வீட்டுரிமை என்று தோட்டம் தோட்டமாக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 1999இலும் 2004இலும் அவர் சாமிவேலுவிடம் தோற்றார். நானும் அப்போது அவருக்குப் போடவில்லை, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் அமைப்பு நடத்திய பேரணிக்குப் பிறகு அப்பா ஒரு வாரம் யாரிடமும் அரசியல் பேசவில்லை. 2008 மார்ச் 8 அன்று 1,821 வாக்கு வித்தியாசத்தில் சாமிவேலு தோற்றார். ம.இ.கா. அந்தத் தேர்தலில் ஒன்பது இடங்களில் மூன்றை மட்டுமே பிடித்தது. பேராக் மாநில ஆட்சியும் தேசிய முன்னணியிடமிருந்து போனது.

இதைத் தமிழர் தனியாகச் செய்யவில்லை. இந்த நாட்டில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் ஊரிலும் சீனரும் மலாய்க்காரரும் ஒராங் அஸ்லி எனும் பழங்குடியினரும் சேர்ந்துதான் முடிவு செய்கிறார்கள். ஆனால் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சமாக இருக்கும்போது நாலைந்து தோட்டங்கள் போதும். தொழிலாளியின் பலம் தலை எண்ணிக்கையில் இல்லை, அந்தச் சொச்சத்தில் இருக்கிறது.

இடதுசாரி நண்பர்களுக்குப் பிடிக்காத பகுதி இனிமேல்தான். 2008இலும் 2013இலும் ஜெயகுமார் வென்றது அன்றைய எதிர்க்கட்சியான பிகேஆர் (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தில். 2018இல் தம் மலேசிய சோசலிசக் கட்சியின் மடக்கிய கைமுஷ்டிச் சின்னத்தில் தனியாக நின்றார். வைப்புத்தொகைகூடத் திரும்பவில்லை, பிகேஆர் வேட்பாளர் கேசவன் வென்றார். எந்த வீட்டு அழைப்பையும் தட்டாமல் வந்த மனிதர் ஜெயகுமார். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஏன் இப்படி என்றேன். “தம்பி, அவர் நல்லவர். ஆனால் ஆட்சிக்கு வருகிறவனுக்குத்தானே போட வேண்டும்?” என்றார். கணக்கு கசப்பானது, முட்டாள்தனமானது அல்ல. சம்பளத்தை மாற்றும் பேனா அரசாங்கத்தின் கையில்தான் இருக்கிறது. 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2022இல் 1,500 ஆனதை அந்த அக்கா மாதக் கணக்கில் சொல்லுவார்.

2021 டிசம்பரிலிருந்து பதினெட்டு வயதிலேயே பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடுகிறது. 2022 தேர்தலுக்கு என் அக்காள் மகன் ஜொகூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தான். எந்தக் கட்சிக்காரரும் அவனைக் கூட்டி வரவில்லை, டிக்கெட் அவனே எடுத்தான். யாருக்குப் போட்டான் என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே போய்விட்டான். சாயங்காலம் பழைய தோட்டத்துப் பக்கம் போனோம். எங்கள் லயத்தில் வங்காளதேச இளைஞர்கள் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இப்போது அவர்கள்தான். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை.