நரம்புச் சுருட்டலுக்கு லேசரா, பசையா?

கேள்வி: எனக்கு 46 வயது. நாள் முழுவதும் நின்றே வேலை. இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. மாலையானால் கால் கனத்து, கணுக்கால் வீங்குகிறது. கத்தியின்றி லேசரிலோ பசையிலோ சரிசெய்யலாம் என்கிறார்கள். எது நல்லது?

பதில்: நரம்புச் சுருட்டல் என்று சொல்லிப் பழகிவிட்டாலும், இது நரம்பில் வரும் நோயன்று. இரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றும் சிரைகளின் வால்வுகள் சரியாக மூடாதபோது, இரத்தம் கீழ்நோக்கித் திரும்பித் தேங்கி, தோலடிக் கிளைகளைப் புடைக்கச் செய்கிறது. நீங்கள் காண்பது விளைவு மட்டுமே. கசிவு பெரும்பாலும் அதற்கு மேலே, தொடையின் உட்புறச் சிரையிலோ, கவட்டையில் அது ஆழ்சிரையோடு (தசைகளுக்கிடையே ஆழத்தில் ஓடும் பெரிய சிரை) சேரும் இடத்திலோ இருக்கும்.

ஆகவே, முறையைத் தேர்வதற்கு முன், ஒலி அலைகளால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவை, அதுவும் உங்களை நிற்க வைத்து எடுத்ததாக. கெண்டைக்காலை அழுத்திவிட்டதும் இரத்தம் அரை நொடிக்கு மேல் பின்னோக்கிப் பாய்ந்தால் அந்தச் சிரை கசிகிறது என்று பொருள். படுக்க வைத்து மட்டும் பார்த்தால் இது தவறிப்போகலாம்.

தொடைச் சிரை கசிந்து, அது ஓரளவு நேராகவும் இருந்தால், சிரையை உள்ளிருந்தே சூட்டால் மூடும் லேசர் அல்லது ரேடியோ அலைச் சிகிச்சையையே நான் முதலில் பரிந்துரைப்பேன். முழங்கால் அருகே ஓர் ஊசித் துளை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, சிரையைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த உப்புநீரை ஏற்றுவார்கள். அந்த நீர் வலியைத் தடுப்பதோடு, அருகிலுள்ள தோலையும் நரம்பையும் சூட்டிலிருந்து காக்கிறது. ரேடியோ அலைக் கருவியின் முனை சுமார் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் 7 செ.மீ. நீளத்தை 20 நொடிகளில் மூடிவிடும். அன்றே நடந்து வீடு திரும்பலாம். லேசர், ரேடியோ அலை இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்பவரின் அனுபவமே முக்கியம். சிரையை மூடிவிட்டால் இரத்தம் எப்படிப் போகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். காலின் இரத்தத்தில் பெரும்பங்கை ஆழ்சிரைகளே சுமப்பதால், அவை நன்றாக இருந்தால் அந்த அச்சம் வேண்டாம்.

சிரையைப் பசையால் ஒட்டி மூடும் முறையில் சூடும் இல்லை, அத்தனை ஊசிகளும் இல்லை. ஆனால் பசை உடலிலேயே தங்கிவிடும். சிலருக்கு ஒவ்வாமையால் தோல் சிவந்து அரிக்கும். கம்பி நுழையாத வளைந்த சிரைகளுக்கு, சிரையை மூடச் செய்யும் மருந்தை நுரையாக்கிச் செலுத்துவது ஏற்றது. பெரிய சிரையில் அதைச் செய்தால் மீண்டும் திறந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். கெண்டைக்காலில் தெரியும் புடைப்புகளைச் சில மில்லிமீட்டர் துளைகள் வழியே தையலின்றி எடுத்துவிடலாம்; அதே அமர்வில் செய்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை அழுத்தக் காலுறையைக் காலையில், கால் வீங்கும் முன்பே அணியுங்கள். ஆனால் பாதத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகள் நன்றாக உள்ளனவா என்று மருத்துவர் பார்த்த பிறகே அணிய வேண்டும். சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் தொடையில் கயிறு இழுப்பதுபோன்ற இறுக்கம் இருப்பது இயல்பே. கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம்.