கணக்கு உதைத்தால் நேரம் மறக்கிறது, பிரஷ் எடுத்தால் மட்டும் ஏன் இல்லை?

கேள்வி: எனக்கு 42 வயது. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளி நாட்களில் படம் வரைய உட்கார்ந்தால் பசி தெரியாது, யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அப்புறம் படிப்பு, வேலை, குழந்தைகள் என்று அது விட்டே போயிற்று. சில மாதங்களுக்கு முன் ஆசை ஆசையாக வாட்டர்கலர் பெட்டியும் நல்ல தாளும் வாங்கினேன். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆவதற்குள் மனசு அலைகிறது, கை தானாக மொபைலுக்குப் போகிறது. மொபைலில் இரண்டு மணி நேரம் போவதே தெரிவதில்லை. எழுந்திருக்கும்போது எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறது. ஆபீஸில் மாதக் கடைசியில் கணக்கு உதைத்தால், எங்கே தப்பு என்று தேடியபடி இருட்டியது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். அதில் போய் ஒன்ற முடிகிறது, பிடித்த விஷயத்தில் முடியவில்லையே! வயதோடு அந்தத் திறமை போய்விட்டதா? குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு இதெல்லாம் ஆகாதா? வரைந்ததை ஆன்லைனில் விற்க ஆரம்பித்தால் ஆர்வம் தானாக வரும் என்கிறாள் தோழி. செய்யலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கணக்கு உதைப்பதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, அதைக் குறையாக வேறு சொல்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. இருட்டியது தெரியாமல் ஒரு வேலையில் உட்கார முடிகிற ஒருவருக்கு ஒன்றிப் போகும் திறமை எங்கும் போய்விடவில்லை. அந்தக் கணக்கில் இருப்பது எது, உங்கள் வாட்டர்கலர் மேஜையில் இல்லாதது எது என்று மட்டும் பார்த்தால் போதும்.

பற்றுக்கும் வரவுக்கும் 540 வித்தியாசம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உடனே என்ன செய்வீர்கள் என்று உங்களுக்கே தெரியும். 540 ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறது. அப்படியானால் யாரோ இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கலாம், 820 என்பது 280 ஆகியிருக்கலாம். அது இல்லையா, பாதியைப் பார்ப்பீர்கள்: 270 என்று ஒரு பதிவு பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா? வவுச்சர் வவுச்சராகப் புரட்டும்போது ஒவ்வொன்றும் 'நான் இல்லை, அடுத்ததைப் பார்' என்று அங்கேயே பதில் சொல்லிவிடுகிறது. எப்போது முடிந்தது என்பதிலும் சந்தேகமே கிடையாது, வித்தியாசம் பூஜ்யமானால் முடிந்தது. வேலை கஷ்டம்தான், ஆனால் உங்கள் கைக்கு எட்டுகிற கஷ்டம். இவ்வளவும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மனசுக்கு வேறு எங்கும் போக வேண்டிய அவசியம் இருப்பதில்லை.

இதை நானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற ஹங்கேரிய அமெரிக்க உளவியலாளர் (1934–2021) வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இதைத்தான். 1960களில் சிகாகோவில் அவர் ஆய்வு மாணவராக இருந்தபோது கவனிக்கத் தொடங்கியது ஓவியம் படிக்கிற இளைஞர்களை. வரையும்போது பசி, களைப்பு எதுவும் உறைக்காமல் நிற்பார்கள். படம் முடிந்ததும் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அடுத்த கேன்வாஸை எடுப்பார்கள். முடிந்த படத்தின் மேல் அப்படியொன்றும் பிரியம் இல்லை. அப்புறம் பாறை ஏறுபவர்கள், செஸ் ஆடுபவர்கள், அறுவை மருத்துவர்கள், நடனக் கலைஞர்கள் என்று பலரிடம் கேட்டார். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: அடுத்து என்ன செய்வது என்று தெளிவாகத் தெரிந்தது, செய்தது சரியா என்று உடனுக்குடன் தெரிந்தது, வேலை கையை மீறவும் இல்லை, கைக்கு அடங்கிச் சலிக்கவும் இல்லை.

உங்கள் ஆபீஸ் விஷயம் கூட அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. ஒரு வாரம் முழுக்க ஆட்களிடம் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறார்கள், எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்வது அவருடைய வழக்கம். அந்த முறையில் செய்து ஜூடித் லெஃபெவ்ருடன் சேர்ந்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் இப்படி ஒன்றியிருந்தது ஓய்வு நேரத்தை விட வேலை நேரத்தில்தான் அதிகம். ஆனாலும் வேலையில் இருக்கும்போது 'இப்போது வேறு எதையாவது செய்துகொண்டிருக்கக் கூடாதா' என்றுதான் அவர்கள் எழுதினார்கள். வேலையில் குறிக்கோளை யாரோ வகுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், ஓய்வில் அதை நாமே வகுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் வகுப்பதில்லை.

நீங்களும் வகுக்கவில்லை என்பது என் ஊகம். 'சரி, இன்றைக்கு ஏதாவது வரையலாம்' என்றுதானே உட்காருகிறீர்கள்? அந்த 'ஏதாவது'வில் அடுத்த அடி எது என்று மனசுக்குத் தெரியாது. தெரியாதபோது அது தெரிந்த இடத்துக்குப் போகும். மொபைல் எங்கே இருக்கிறது என்பது அதற்கு நன்றாகவே தெரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இது கொஞ்சம் வலிக்கிறது. பள்ளிப் பருவத்தில் உங்கள் கண்ணும் கையும் ஏறக்குறைய ஒரே வயது. கை வரைந்ததைக் கண் பார்த்துத் திருப்திப்பட்டது. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக உங்கள் கண் எவ்வளவோ நல்ல படங்களைப் பார்த்து வளர்ந்துவிட்டது. கை அன்று விட்ட இடத்திலேயே நிற்கிறது. இப்போது கை போடும் ஒவ்வொரு கோட்டையும் 42 வயதுக் கண் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறது. ஐந்தாவது நிமிஷத்தில் மனசு அலைகிறது என்கிறீர்களே, அது சலிப்பு என்று நான் நினைக்கவில்லை. கூச்சம். தன்னைத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பவரால் எதிலும் லயிக்க முடியாது. ஆகவே கண் வாயைத் திறக்க இடமில்லாத அளவுக்கு வேலையைச் சின்னதாக்க வேண்டும்.

பெட்டியில் இருப்பதில் ஆழமான ஒரே ஒரு நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கரும்பழுப்பு நல்லது. மற்றதை மூடி வையுங்கள். தபால் அட்டை அளவுக்குத் தாளை வெட்டி, ஐந்து கட்டம் போட்டு, மிக வெளிறியதிலிருந்து மிகக் கருத்தது வரை தண்ணீரைக் குறைத்துக் குறைத்து நிரப்புங்கள். காய்ந்தால் நிறம் கொஞ்சம் வெளிறிவிடும். அதனால் ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரிந்த கட்டம் பிறகு ஏமாற்றும். ஐந்தும் சமமான படிகளாக இறங்கியிருக்கிறதா, இல்லையா? கணக்கு மாதிரிதான், சரி அல்லது உதைக்கிறது. அது கை வந்ததும் ஒரு வெள்ளைக் கோப்பையை ஜன்னலோரம் வைத்து, அதே ஒரு நிறத்தில், வெளிச்சம், நடு, நிழல் என்று மூன்றே அழுத்தத்தில் வரையுங்கள். அழகாக வர வேண்டும் என்பது இன்றைய வேலையே இல்லை.

வாட்டர்கலரைத் தேர்ந்தெடுத்தது, தெரிந்தோ தெரியாமலோ, நல்ல காரியம். உடனுக்குடன் பதில் சொல்வதில் அதற்கு இணை குறைவு. தாளைச் சாய்த்துப் பாருங்கள். ஈரம் மினுங்கிக்கொண்டிருக்கும் வரை இன்னொரு சொட்டு நிறத்தை விடலாம், தானே பரவிக் கலந்துவிடும். மினுமினுப்பு மங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அப்போது போய் ஈரப் பிரஷ்ஷை வைத்தால், புதுத் தண்ணீர் உள்ளே பாய்ந்து பாதி காய்ந்த நிறத்தை ஓரத்துக்குத் தள்ளும், காலிஃபிளவர் போல விளிம்பு சுருண்ட ஒரு கறை விழும். விழுந்தால் விழுந்ததுதான். இந்த மினுமினுப்பைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மொபைல் ஞாபகம் வருவது கஷ்டம். கோப்பை சுலபமாகிவிட்டால் கண்ணாடி டம்ளருக்குப் போங்கள். டம்ளர் எரிச்சலூட்டினால் வெட்கப்படாமல் ஐந்து கட்டத்துக்குத் திரும்புங்கள். இந்த ஏற்ற இறக்கத்தை நீங்களே திருகிக்கொண்டிருப்பதுதான் பாதி வித்தை.

அப்புறம், முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தால் கவனத்தில் ஒரு பகுதி அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் 2009இல் ஆய்வு செய்து காட்டினார். நீங்கள் வந்து உட்காரும்போது ஆபீஸ், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் கூடவே வந்து உட்காரும். விட்ட வேலை எந்த இடத்தில் நிற்கிறது, திரும்பப் போனதும் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று இரண்டு வரி எழுதிவைத்துவிட்டு வந்தால் மனசு அதைக் கீழே வைத்துவிடுகிறது என்பதும் அவர் பிறகு கண்டதுதான். ஓவியத்துக்கும் அதையே செய்யுங்கள். எழுந்திருக்கும் முன் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் 'அடுத்தது: கைப்பிடியின் நிழல்' என்று குறித்து வைத்தால், மறுநாள் வெறுமனே உட்கார்ந்து விழிக்க வேண்டியதில்லை.

மொபைலுக்கு வருகிறேன். அங்கேயும் நேரம் மறக்கிறது, அப்படியானால் அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். நடாஷா ஷூல் என்ற மானுடவியலாளர் லாஸ் வேகாஸில் சூதாட்ட இயந்திரங்களின் முன் உட்கார்ந்திருப்பவர்களிடம் வருஷக்கணக்கில் பேசியிருக்கிறார். அவர்களும் தம்மை மறந்துதான் ஆடுகிறார்கள். ஜெயிக்க வேண்டும் என்று கூட இல்லை, ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மொபைல் உங்கள் நேரத்தைக் கேட்கிறது, கையை ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து உங்களுக்குப் புதிதாக எதுவும் செய்ய வருவதில்லை. நீங்கள் எழுதிய 'பறிகொடுத்த மாதிரி' மிகச் சரியான கணிப்பு, அதை நம்புங்கள். வரையும் நேரத்தில் மொபைல் வேறு அறையில் இருக்கட்டும். சத்தத்தை நிறுத்திக் கவிழ்த்து வைத்தால் போதாது.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு தடவையும் மெய்மறக்க வேண்டும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவர் குழுவும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. முன்னேற்றத்துக்கு மிகவும் உதவுவது தனியாகச் செய்யும் பயிற்சிதான் என்று சொன்ன அந்த மாணவர்கள், அதைப் பெரிய சுகமாகச் சொல்லவில்லை, முயற்சி தேவைப்படும் வேலை என்றார்கள். உங்களுக்கும் சில நாள் கட்டம் கட்டமாக வெறும் பயிற்சியாகத்தான் போகும். அதில் சேர்ந்தது வேறொரு நாள் ஒன்றரை மணி நேரத்தை விழுங்கும். எது எந்த நாள் என்று முன்கூட்டியே தெரியாது. 'நான் இப்போது ஒன்றியிருக்கிறேனா?' என்று நடுவில் சோதித்துப் பார்த்தீர்களானால் அதோடு போயிற்று. சந்தோஷம் கூட அந்த நேரத்தில் தெரியாது, எழுந்த பிறகுதான் தெரியும்.

பொறுப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள். மறந்துபோய்விடுவோமோ என்ற பயம்தான் பல அம்மாக்களை மூழ்க விடாமல் வைத்திருக்கிறது. ஆகவே ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை ஒரு கடிகாரத்திடம் கொடுத்துவிடுங்கள். ஐம்பது நிமிஷத்துக்கு அலாரம் வைத்து, அதுவரை உங்களைக் கூப்பிடக் கூடாது, அவசரம் என்றால் யாரிடம் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோர் முன்பும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒளிந்து ஒளிந்து வரைந்தால் ஒரு காது வாசலிலேயே இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் இப்படிக் கிடைத்தாலே நிறைய. தினம் தினம் என்று சபதம் போட வேண்டாம்.

கடைசியாக, தோழி சொன்ன விற்பனை. இப்போது வேண்டாம் என்பேன். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. ஏற்கெனவே ஆசையாக வரைந்துகொண்டிருந்த மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரைய வைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்தபோது, மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் இவர்கள் வரைந்தார்கள். முன்னால் எதுவும் சொல்லாமல், வரைந்த பிறகு அதே சான்றிதழை வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. இதை வைத்துப் பணம் வாங்கினாலே கலை கெட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன், வரைந்து பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர் ஆனந்தமாக இருக்கிறார்கள். ஆனால் உங்கள் மேஜையில் ஏற்கெனவே ஒரு கண்டிப்பான கண் உட்கார்ந்திருக்கிறது. வாங்குபவரின் கண்ணையும் கூட்டி வந்து உட்கார வைத்தால் கைக்கு இடம் இருக்காது. யாராவது பார்த்துவிட்டு 'இது எனக்கு வேண்டும்' என்றால் தாராளமாகக் கொடுங்கள். விலைப்பட்டியல் போடுவதை, கண்ணாடி டம்ளர் உங்களுக்குச் சலித்துப் போன பிறகு தோழியுடன் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.